ஸ்பெயின் வீட்டில் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான்

கேட்டது: செப்டம்பரில் சலமாங்கா போகிறேன், ஒரு கல்வியாண்டு படிப்பு. ஒரு குடும்பத்தோடு தங்க ஏற்பாடாகியிருக்கிறது. ஸ்பானிஷ் ஆறு மாதம் படித்தேன். முட்டை சாப்பிடுவேன், இறைச்சி, மீன் கிடையாது. முதல் சில வாரங்கள் எப்படி இருக்கும்?

அதே ஊரில் ஒரு வீட்டில் தங்கித்தான் நானும் படித்தேன். பிறகு சில வருடங்கள் வெளிநாட்டுப் பிள்ளைகளை அங்கிருக்கும் வீடுகளில் சேர்த்துவிடும் வேலை பார்த்தேன். வீட்டம்மாவின் புகாரும் என்னிடம்தான் வரும், பிள்ளையின் புகாரும் என்னிடம்தான் வரும். பாதி புகார்கள் ஒரே விஷயத்தை இரண்டு பக்கமிருந்து சொல்வதாக இருக்கும். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், சாப்பாடு பிறகு.

நான் போய்ச் சேர்ந்த முதல் வாரம் மிகவும் நல்ல பிள்ளையாக இருந்தேன். சாப்பிட்டதும் தட்டைக் கழுவும் இடத்தில் வைத்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அவர்கள் குடும்பமாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் நாம் எதற்கு இடைஞ்சலாக, என்ற நினைப்பு. எட்டாம் நாள் ஒருங்கிணைப்பாளர் என்னைக் கூப்பிட்டு, “உனக்கு அந்த வீடு பிடிக்கவில்லையாமே, மாற்றித் தரவா?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டம்மா அவருக்குப் போன் செய்து அழாக்குறையாகச் சொல்லியிருக்கிறார்: பெண் எங்களோடு உட்காருவதே இல்லை, கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது, என்ன தப்பு செய்தோம் என்று தெரியவில்லை. நான் மரியாதை என்று நினைத்துச் செய்தது அவருக்குக் கோபமாகத் தெரிந்திருக்கிறது.

சாப்பாடு முடிந்தபின் மேசையை விட்டு எழாமல் பேசிக்கொண்டிருப்பதற்கு அவர்களிடம் தனிப் பெயரே உண்டு: சோப்ரெமேசா. மேசைக்கு மேல் என்பது போன்ற சொல். (மேசா என்றால் மேசைதான். நம் மேசையும் அலமாரியும் போர்ச்சுகீசியர் வழியாக வந்தவை. ஸ்பானிஷில் அவை மேசா, அர்மாரியோ. வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு சாமான்களுக்குப் பெயர் தெரிந்துவிடும்.) அந்த அரைமணி நேரம், ஞாயிறு என்றால் இரண்டு மணி நேரம், அதுதான் உங்கள் உண்மையான வகுப்பு. ஒன்றும் புரியாவிட்டாலும் உட்காருங்கள். நால்வர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், குரல் ஏறும், தொலைக்காட்சியும் தன்பாட்டுக்கு ஓடும். சண்டை என்று நினைத்துவிட வேண்டாம், கால்பந்தாக இருக்கும். அல்லது உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் சுடும் தொர்த்தியாவில் வெங்காயம் போடலாமா கூடாதா என்ற தீராத வழக்காக இருக்கும்.

இரண்டாவது, ‘வேண்டாம்’ என்ற சொல். நம் வீடுகளில் இன்னொரு கரண்டி போட வந்தால் “ஐயோ போதும் போதும்” என்போம். போடுகிறவருக்கும் அது சும்மா என்று தெரியும், போட்டுவிடுவார். சலமாங்காவில் “நோ, கிராத்தியாஸ்” என்றேன். வீட்டம்மா பாத்திரத்தை மூடி உள்ளே எடுத்துப்போய்விட்டார். அன்றிரவு பசியோடு படுத்தேன். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வேண்டுமென்றால் “உன் பொகீத்தோ மாஸ்”, இன்னும் கொஞ்சம், என்று வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்டால் முகம் மலரும். குளிர்கிறதா, தலையணை உயரமா, கம்பளி இன்னொன்று வேண்டுமா, எதுவாக இருந்தாலும் இதேதான். நீங்கள் சொல்லாததை அவர்களாக ஊகிக்க மாட்டார்கள். சொன்னதற்காகக் குறைவாகவும் நினைக்க மாட்டார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் பழகிய நாம் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘போர் ஃபவோர்’ போடுவோம். அவர்கள் வீட்டில் ரொட்டியை இந்தப் பக்கம் தள்ளு, தண்ணீர் கொடு, அவ்வளவுதான். முதலில் அதட்டுவது போலத் தோன்றும். நம் அம்மாவிடம் நாம் எப்போது ‘தயவுசெய்து சட்னி’ என்று கேட்டோம்? அதே கணக்கு. உங்களிடமும் அப்படிப் பேச ஆரம்பித்தால் வீட்டு ஆளாகிவிட்டீர்கள் என்று பொருள்.

இனிக் கூப்பிடும் முறை. அறுபது வயது அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட நமக்கு நாக்கு வராது. ஆனால் அங்கே பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்; அவரே முதல் நாள் அதைச் சொல்லிவிடுவார். ‘ஆன்ட்டி’யை மொழிபெயர்த்து ‘தியா’ என்று மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். அத்தை, சித்தி என்ற பொருள் அதற்கு உண்டுதான், ஆனால் இளசுகள் தங்களுக்குள் ‘ஏய் மச்சி’ என்பதுபோல் தோழிகளை அழைக்கும் சொல்லும் அதுவே. ஒரு பையன் தன் வீட்டம்மாவை முதல் நாளே தியா என்று கூப்பிட்டு, அவர் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நீ, நீங்கள் பேதம் அவர்களிடமும் உண்டு: தூ, உஸ்தெத். நீங்கள் பழக்கத்தில் உஸ்தெத் என்பீர்கள். “துதேஅமே”, என்னை நீ என்றே சொல், என்பார். அதற்குப் பிறகும் உஸ்தெத் என்று இழுத்தால் தள்ளி நிற்கிறீர்கள் என்றாகிவிடும். அவர் உங்களை ‘இஹா’ அல்லது ‘இஹோ’ என்பார்: மகளே, மகனே. உருகிவிடாதீர்கள், காய்கறிக் கடைக்காரம்மாவும் அப்படித்தான் சொல்வார்.

மொழியைப் பற்றி நீங்கள் பயப்படுவது தெரிகிறது. உங்களுக்கு உள்ள வசதி உங்கள் வகுப்பில் இருக்கப்போகும் அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கிடையாது. அவர்கள் வாரக்கணக்கில் மல்லாடும் ‘மே குஸ்தா எல் கஃபே’ நமக்கு அப்படியே ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’. தலைவலி என்றால் ‘மே துவேலே லா கபேத்தா’, எனக்குத் தலை வலிக்கிறது, அச்சு அசல். வினையின் வாலிலேயே நான், நீ, அவர் எல்லாம் இருப்பதால் ‘ஆப்லோ’ என்றால் போதும், பேசுகிறேன் என்பதுபோல. அவர்களின் ஞ நம் ஞ. ‘நாதா’வில் வரும் த, ‘அது’வில் வரும் த, ‘அகுவா’வில் வரும் க, ‘அகம்’ என்பதில் வரும் க. உயிரெழுத்துகளுக்கு நடுவே மெலிந்து ஒலிப்பது இரண்டு மொழிக்கும் பொதுவான குணம். நாய்க்கு ‘பெர்ரோ’, ஆனால் என்பதற்கு ‘பெரோ’. நாக்கை உருட்ட நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நமக்கு உதைப்பது பெயர்ச்சொல்லின் பால்தான். மேசை ஏன் பெண், தட்டு ஏன் ஆண் என்று கேட்டுப் பயனில்லை. சொல்லைக் கற்கும்போதே முன்னால் ‘எல்’, ‘லா’ சேர்த்து மனப்பாடம் செய்யுங்கள். இன்னும் இரண்டு பள்ளங்கள்: வெக்கையாக இருக்கிறது என்பதற்கு ‘தெங்கோ கலோர்’ என்று சொல்லுங்கள், அகராதியைப் பார்த்து ‘எஸ்தோய் கலியெந்தே’ என்றால் வேறு பொருள், மேசையே குலுங்கும். வீட்டுக்காரர் ‘எஸ்தோய் கொன்ஸ்திபாதோ’ என்றால் அவருக்கு ஜலதோஷம், மலச்சிக்கல் அல்ல.

முதல் பத்து நாள் மாலையில் தலை கனக்கும். காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்பீர்கள். நாள் முழுக்க இன்னொரு மொழியைக் கேட்டதன் களைப்பு அது, தூங்கினால் போய்விடும்.

இப்போது சாப்பாடு. முதலில் கடிகாரம். செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே விடிவதற்கே காலை எட்டு மணி ஆகும்; இரவு எட்டே முக்காலுக்கும் வெளிச்சம் இருக்கும். சலமாங்கா கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கிறது. ஆனால் 1940இல் ஃபிராங்கோ அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாற்றியது, பிறகு திருப்பவே இல்லை. மதியச் சாப்பாடு, ‘கொமீதா’, இரண்டரை மணிக்கு. அதுதான் பெரிய சாப்பாடு. முதல் தட்டு, இரண்டாம் தட்டு, கடைசியில் ஒரு பழமோ தயிரோ. இரவுச் சாப்பாடு ஒன்பது, ஒன்பதரைக்கு, லேசாக. காலையில் பாலும் காப்பியும், சுட்ட ரொட்டியில் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும், சில வீடுகளில் வெறும் மரியா பிஸ்கட். எட்டு மணிக்கு இதைத் தின்றுவிட்டு இரண்டரை வரை தாங்காது. பதினொரு மணிக்குக் கல்லூரிக் கஃபேயில் ஒரு துண்டு தொர்த்தியா சாப்பிடுங்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். மாலை ஐந்தரைக்கு ‘மெரியெந்தா’ என்று ஒரு சிற்றுண்டி உண்டு. பெரியவர்கள் பலர் விட்டுவிடுவார்கள், நீங்கள் விடாதீர்கள்.

சைவம் என்பதை எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. ‘இறைச்சி சாப்பிட மாட்டேன்’ என்றால் போதாது. ‘கார்னே’ என்ற சொல் அங்கே பலருடைய மனத்தில் மாட்டுத்துண்டு, பன்றித்துண்டு போன்ற கண்டத்தைத்தான் குறிக்கும். பன்றித்தொடையை உப்பிட்டு உலர்த்திய ஹமோன் தனி, பன்றி இறைச்சியை அடைத்துச் செய்யும் சொரீசோ தனி, தூனா மீன் ஏதோ காய் மாதிரி. சலமாங்கா மாகாணத்தில்தான் ஹமோனுக்குப் பேர்போன கிஹுவேலோ இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். எனக்கு முதல் நாள் “உனக்காகக் கறி இல்லாமல் செய்தேன்” என்று வைத்த சாலட்டின் மேல் தூனா. மறுநாள் பருப்பில் கறி இல்லை, ஆனால் சொரீசோவைப் போட்டுக் கொதிக்கவைத்துப் பிறகு எடுத்திருந்தார். எலும்பு போட்ட சாறு கணக்கிலேயே வராது. எனவே பட்டியலாகச் சொல்லுங்கள்: கறி இல்லை, ஹமோன் இல்லை, சொரீசோ இல்லை, மீன் இல்லை, தூனா இல்லை, அவற்றின் சாறும் இல்லை. முட்டை, பால், சீஸ் உண்டு. இதைப் போவதற்கு முன்பே எழுதி அனுப்புங்கள். கதவைத் திறந்ததும் சொன்னால், அவர் அன்று காலையிலிருந்து அடுப்பில் வைத்திருந்ததை மறுப்பதாகிவிடும்.

சொன்னபின் கவலை இல்லை. ஊருக்கு வடக்கே லா அர்மூஞா என்ற வட்டாரத்துப் பருப்பு நாடெங்கும் பேர்பெற்றது. நம் மைசூர் பருப்பின் உறவு, தோலோடு முழுதாக வேகவைப்பார்கள். கேரட், பூண்டு, பிரியாணி இலை, பிமெந்தோன் என்ற மிளகாய்ப்பொடி. காரம் இருக்காது, நிறமும் புகைமணமும்தான். கத்தரி, குடைமிளகாய், தக்காளி வதக்கிய பிஸ்தோ, கொண்டைக்கடலையும் கீரையும், சோறு, தக்காளி, பொரித்த முட்டை சேர்ந்த அரோஸ் ஆ லா குபானா. தட்டில் மிஞ்சும் எண்ணெயை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவது அவர்களுக்கும் இன்பம், அந்த நேரத்தில் கை சும்மா இருக்காது. ரொட்டியைத் தட்டில் வைக்காமல் நேராக மேசை விரிப்பின் மேலேயே வைப்பார்கள். மடியில் கை வைத்து உட்காராமல் இரண்டு கையும் மேசைக்கு மேலே தெரியட்டும். காரம் இல்லாமல் முடியாது என்றால் ஒரு சின்னப் பாட்டில் பருப்புப் பொடி கொண்டுபோய் மேசையில் வெளிப்படையாக வைத்துச் சாப்பிடுங்கள். ஒளித்துத் தின்றால் ‘நான் சமைத்தது பிடிக்கவில்லை’ ஆகிவிடும். நெய், பால்கோவா எடுத்துப்போக வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பால் பண்டங்களையும் இறைச்சியையும் பையில் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான், சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள்.

பெரும்பாலான வீடுகளில் அடுப்படி உங்களுக்குக் கிடையாது. ஆனால் ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சமைக்கிறேன் என்று கேளுங்கள். எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் எந்த வீட்டிலும் தோற்றதில்லை. ரசம் தோற்றிருக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்கு வரமாட்டீர்கள் என்றால் மதியத்துக்குள் வாட்ஸாப்பில் ஒரு வரி போடுங்கள். என்னிடம் வந்த வீட்டம்மாக்களின் புகார்களில் முதலிடம் இதற்குத்தான், மொழியோ சத்தமோ இல்லை. சமைத்துவைத்துக் காத்திருந்தேன், வரவில்லை.

குளியலறை விஷயத்தை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். தரையில் தண்ணீர் போக ஓட்டை இருக்காது. தொட்டிக்குள் அல்லது கண்ணாடித் தடுப்புக்குள் நின்று குளிக்க வேண்டும், ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது. நான் முதல் நாள் நம்மூர்க் கணக்கில் ஊற்றிக் குளித்து, தண்ணீர் நடைக்கூடத்துக்கே போய்விட்டது. பல வீடுகளில் வெந்நீர் ஒரு பெரிய கலனில் சேர்ந்திருக்கும். நீங்கள் இருபது நிமிடம் நின்றால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். பழைய வீடுகளில் கழிப்பறையில் பிதே, அதாவது உட்கார்ந்து கழுவிக்கொள்ளும் தாழ்ந்த தொட்டி, இருக்கும், உங்கள் அதிர்ஷ்டம். இல்லையென்றால் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில் போதும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பீர்கள் என்றால் தலையணைமேல் சொந்தத் துண்டு விரித்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் அந்த எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிடும்; அது வேறு.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே நடப்பது நமக்குச் சுத்தம். அவர்களுக்கு அது நோயை விலைகொடுத்து வாங்குவது. சளி காலிலிருந்துதான் ஏறும் என்பது அந்த வீட்டம்மாவின் மருத்துவ சாஸ்திரம். வீட்டுக்குள் போடும் மெத்தென்ற செருப்பு ஒன்று எடுத்துப்போங்கள், இல்லாவிட்டால் அவரே வாங்கித் தந்துவிடுவார், எனக்கு அப்படித்தான் கிடைத்தது. ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ‘ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்’ என்பது காஸ்தீல் பக்கத்துப் பழமொழி. குளிர் வந்ததும் வட்ட மேசை ஒன்றுக்குத் தரைவரை கனத்த துணி போர்த்தி, அடியில் பிரசேரோ என்ற கணப்பு வைப்பார்கள். எல்லோரும் காலை உள்ளே நீட்டி, துணியை மடிமேல் இழுத்து உட்கார்ந்திருப்பார்கள். அதைவிட்டு அறைக்குப் போக உங்களுக்கே மனம் வராது.

சின்னச் சின்னவை. மூன்றிலிருந்து ஐந்து வரை வீட்டில் சத்தம் வேண்டாம். எல்லோரும் தூங்குவதில்லை, ஆனால் ஊர் அடங்கும், சிறு கடைகள் பூட்டியிருக்கும். மின்தூக்கியில் ஏறினால், கடைக்குள் நுழைந்தால், முன்பின் தெரியாதவரானாலும் ‘ஓலா’ சொல்ல வேண்டும். அறிமுகத்தில் இரண்டு கன்னத்திலும் ஒட்டியும் ஒட்டாமலும் முத்தம் உண்டு. சங்கடமாக இருந்தால் முதலிலேயே கையை நீட்டிவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நண்பர்களை வீட்டுக்குக் கூட்டிவருவதற்குக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அங்கே ஆட்கள் வெளியில்தான் சந்திப்பார்கள். சலமாங்காவில் அதற்கென்றே ஓரிடம் உண்டு: பிளாசா மயோர் என்ற பெரிய சதுக்கத்தில், கடிகாரத்துக்கு அடியில். ‘எட்டு மணிக்குக் கடிகாரத்தடியில்’ என்றால் ஊருக்கே தெரியும்.

ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதால் வந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் நகராட்சியில் இந்த முகவரியில் வசிக்கிறேன் என்று பதிந்துகொள்வது நல்லது. பதிவுக்கு வீட்டுக்காரரின் கையெழுத்து தேவைப்படும். முதல் வாரமே கேளுங்கள். இணையத்தில் முன்பதிவு நாள் கிடைப்பது குதிரைக்கொம்பு. போய் இறங்கிய மறுநாளே உட்காருங்கள்.

போக்குவரத்துக்கு அலைய வேண்டாம், மத்ரித் விமான நிலையத்திலிருந்தே சலமாங்காவுக்கு நேர் பேருந்து உண்டு. நீங்கள் செப்டம்பர் 8ஐ ஒட்டிப் போய்ச் சேர்ந்தால் ஊர்த்திருவிழா நடந்துகொண்டிருக்கும், தெருவெல்லாம் சாப்பாட்டுக் கூடாரங்கள். வீட்டார் கூட்டிப்போவார்கள், களைப்பாக இருந்தாலும் போங்கள். பல்கலைக்கழக முகப்பில் மண்டையோட்டின் மேல் ஒரு தவளையைத் தேடச் சொல்வார்கள். அதைத் தானாகக் கண்டுபிடிக்கும் மாணவர் தேறிவிடுவார் என்பது நம்பிக்கை. 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம், இத்தனை தலைமுறை கழுத்தை அண்ணாந்து தேடியிருக்கிறது. நான் ஏமாற்றிவிட்டேன், பக்கத்தில் நின்ற பாட்டியிடம் கேட்டு.

மூன்றாவது வாரம் மோசமாக இருக்கும். புதுமை வடிந்திருக்கும், நண்பர்கள் இன்னும் ஆகியிருக்க மாட்டார்கள், சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் நீங்களும் சிரிப்பீர்கள். அந்த வாரம்தான் பலர் வீட்டை மாற்றித் தரச் சொல்லி என்னிடம் வருவார்கள். பத்து நாள் பொறு என்று அனுப்புவேன். திரும்ப வந்தவர்கள் மிகக் கொஞ்சம். (வீடு உண்மையிலேயே சரியில்லை என்றால் கதை வேறு. சொன்ன வேளைச் சாப்பாடு இல்லை, அறைக்குப் பூட்டில்லாமல் ஆட்கள் வந்துபோகிறார்கள், பயமாக இருக்கிறது என்றால் பத்து நிமிடம்கூடப் பொறுக்க வேண்டாம்.) வீட்டுக்குப் போன் செய்வதையும் நேரம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கோடைக் கணக்கில் இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால், அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து நாலரை மணி. இரவுச் சாப்பாடு முடித்துக் கூப்பிட்டால் அங்கே அம்மா தூக்கத்தில் எழுந்து பதறுவார். மாலை நாலரைக்குக் கூப்பிடுங்கள். நம் ஊரில் இரவு எட்டு, அக்டோபர் கடைசிக்குப் பிறகு ஒன்பது.

பரிசாக என்ன கொண்டுபோவது என்றும் யோசிப்பீர்கள். பித்தளை விளக்கு, சந்தன யானை எல்லாம் எடை. நான் கொண்டுபோனது செட்டிநாட்டு ஓலைக் கொட்டான் ஒன்று, கைப்பையில் அடங்கும் அளவில் கிடைத்தது. அந்த அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு துணியை விரித்து, அன்றைய ரொட்டியை அதில் அடுக்கினார். இன்னும் அதில்தான் ரொட்டி வைக்கிறார்.